விடுமுறைப் பயணமும் விட்டுச்செல்லும் குப்பையும்

பெருநாளை அடுத்து வரும் தினங்களில் அக்கரைப்பற்று - பொத்துவில் வீதியோரம் சற்று நேரம் நின்றால், கல்முனைப் பக்கமிருந்து வேன்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் குடும்பங்கள் அறுகம்பை நோக்கிச் செல்வதைக் காணலாம். ஆனி, ஆடி மாதங்களில் அதே வீதியில், தம்பிலுவில், திருக்கோவில் ஊர்களினூடாகக் கதிர்காமப் பாதயாத்திரிகர்கள் நடந்து செல்கின்றனர். ஆடி அமாவாசையன்று திருக்கோவில் கடற்கரையில் தீர்த்தமாடப் பெருந்திரளான அடியார்கள் கூடுகின்றனர். உல்லாசப் பயணமாயினும் யாத்திரையாயினும், மக்கள் கலைந்து சென்ற பின்னர் எஞ்சுவது பெரும்பாலும் சோற்றுத் தாள்களும் தண்ணீர்ப் போத்தல்களும் பொலித்தீன் பைகளுமே.

இவை எங்கே போகின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிழக்குக் கரையின் களப்புகள் பல கோடையில் மணல் மேட்டினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கி முகத்துவாரம் திறக்கும்போது, மாதக் கணக்கில் தேங்கிய யாவும் ஒரே அடியாகக் கடலைச் சேர்கின்றன. நீரில் மிதக்கும் பொலித்தீனை ஜெல்லி மீன் எனக் கருதி விழுங்கும் ஆமைகள் உணவுக்குழாய் அடைபட்டு மடிகின்றன. களப்பில் வலைவீசுவோருக்கு இறாலுடன் பொலித்தீனும் சேர்ந்தே கிடைக்கிறது.

தரையிலும் நிலைமை இதுவே. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பை மேட்டில் பிளாஸ்டிக் கழிவுகளை உண்ட சுமார் 20 யானைகள் எட்டாண்டு காலத்தில் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாகின. அவற்றின் வயிற்றில் உணவுப் பொதி உறைகளும் பொலித்தீனுமே காணப்பட்டன; யானை வழக்கமாக உண்ணும் தீனியைக் காணவில்லை என மிருக வைத்தியர் தெரிவித்திருந்தார். யானை பிளாஸ்டிக்கை விரும்பி உண்பதில்லை. உறையில் ஒட்டியிருக்கும் உப்பும் கறியின் வாசனையுமே அதனை ஈர்க்கின்றன. உறை செரிக்காமல் குடலை அடைக்க, வயிறு நிரம்பியிருக்கும்போதே அந்த விலங்கு பட்டினியால் சாகிறது.

குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டோம் என்று ஆறுதல் கொள்பவர்களும் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். தொட்டியின் முடிவிடமும் இத்தகைய மேடுகளே.

சட்டம் இல்லாமலில்லை. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும், 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழல், தட்டு, இடியப்பத் தட்டு போன்ற ஒருமுறை பாவனைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. ஆனால் வீட்டிலிருந்து புறப்படும்போது எதில் சோறு கட்டுகிறோம் என்பதை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதியின் மணத்தை அறியாத ஐம்பது வயதுக்காரர் இப்பிரதேசத்தில் இருக்க முடியாது. அது சுவைக்காகச் செய்த ஏற்பாடு. சுற்றாடல் என்ற சொல் அன்று எவர் வாயிலும் இல்லை.

ஒரு குடும்பம் பயணம் போகும்போது பத்துச் சிறிய போத்தல்கள் வாங்குவதற்குப் பதிலாக ஒரு பெரிய கேனில் தண்ணீர் கொண்டு செல்வது செலவையும் குறைக்கும். கொண்டு சென்ற உறைகளைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வருவதற்கு ஒரு பை போதும். குப்பையை எரிப்பதும் புதைப்பதும் சரியென நினைப்போர் உள்ளனர். எரித்தால் நச்சுப் புகை கிளம்பும்; புதைத்தால் உணவு வாசனையை முகர்ந்த காட்டுப்பன்றி அன்றிரவே கிளறிவிடும்.

இவ்விடயத்தில் உகந்தையிலிருந்து காட்டுக்குள் நுழையும் யாத்திரிகர்களின் பொறுப்பு இன்னும் கூடியது. 2006 வரை கிழக்கு யால எனப்பட்ட குமண தேசிய பூங்காவினூடாகவும், அதனை அடுத்து யாலவினூடாகவும் அவர்கள் நாட்கணக்கில் நடக்கின்றனர். அங்கே பிரதேச சபையின் வண்டி வராது. யாத்திரிகர் சமைத்து உண்டு இளைப்பாறும் ஆற்றங்கரைகளிலேயே இரவில் யானையும் மானும் நீர் அருந்த வருகின்றன. அன்னதானம் வழங்கும் அன்பர்கள் இலையிலும் சிரட்டையிலும் பரிமாற முன்வந்தால் காட்டுக்குள் செல்லும் பிளாஸ்டிக்கின் பெரும்பகுதி உகந்தையிலேயே நின்றுவிடும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதை முஸ்லிம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அறுகம்பை மணலில் அரைகுறையாகப் புதைந்து கிடக்கும் போத்தலும் அப்படியொரு பொருள்தான். அடுத்த விடுமுறையில் அங்கே வெறுங்காலுடன் ஓடப்போவது பெரும்பாலும் நமது பிள்ளைகளே.