நவம்பருக்கு முன்பே ஒரு பார்வை

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பரில்தான் தொடங்கும். ரசிகர்கள் அதுவரை பொறுப்பதில்லை. பள்ளி முடித்துத் தங்கள் கல்லூரிக்கு வரவிருக்கும் புதுமுகங்களைப் பார்க்க, கோடைகால லீக் ஆட்டங்களுக்கே திரண்டுவிடுகிறார்கள்.

தலைநகர் வாஷிங்டனின் கென்னர் லீக் இதற்குப் பேர்போனது. 1994 கோடையில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்த 19 வயது ஆலன் ஐவர்சன், கல்லூரிக்காகக் களமிறங்கும் முன்பே இந்த லீக்கில் ஆடினார். பல்கலைக்கழகத்தின் சிறிய மெக்டொனா உள்ளரங்கம் நிரம்பி வழிந்தது. ஆறடி உயரம், கூடைப்பந்தில் குள்ளம்தான். ஆனால் பந்தைத் தட்டியபடி அவர் பாய்ந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது பெரும்பாடு!

கோடை ஆட்டங்களில் தடுப்பாட்டம் தளர்வாகவே இருக்கும். புள்ளிகள் மளமளவென்று குவியும். அதனால் புள்ளிக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. பந்தைப் பறிகொடுத்தவர் உடனே திரும்பி ஓடுகிறாரா, தோதான இடத்தில் நிற்கும் தோழருக்குப் பந்தைக் கொடுக்கிறாரா என்று கவனிப்பதே நல்லது.

ஐவர்சன் விஷயத்தில் ரசிகர்களின் கணிப்பு பொய்க்கவில்லை. ஜார்ஜ்டவுனில் இரண்டு பருவங்கள் ஆடிய அவரை, 1996-இல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் வீரர் தேர்வில் முதல் ஆளாக பிலடெல்பியா அணி எடுத்துக்கொண்டது.