மில்லுக் கணக்குல ரெண்டு தப்பு: ஒண்ணு சீக்கிரம் தானா சரியாகும், இன்னொண்ணு ஆகாது

இன்னிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் போவோம். திருச்சுழி வரைக்கும் வானம் பார்த்த பூமி. மழை ஏமாத்துற வருஷம் பல வீடுகளுக்கு நூற்பாலை ஷிஃப்ட்தான் சோறு. அப்படி ஒரு மில்லை மனசுல வெச்சுக்கோங்க. எண்கள் உதாரணத்துக்கு மட்டும், வரியை விட்டுடலாம்.

முதல்ல, தக்கவைத்த லாபம்னா என்ன? தொடங்கின நாள்லேருந்து வந்த லாபத்துல டிவிடெண்ட் போக கம்பெனிக்குள்ள நிக்கிற தொகை. அது பெட்டியில இருக்கிற ரொக்கம் இல்லை.

மார்ச் 31, குடோன்ல பஞ்சு பேல் எண்ணுறாங்க. 100 பேல் கூடுதலா எழுதிட்டாங்க. பேல் 170 கிலோ, கிலோ 150 ரூபாய்னா 25.5 லட்சம். இறுதி இருப்பு கூடினா செலவான பஞ்சு குறையும், லாபம் 25.5 லட்சம் ஏறும். தக்கவைத்த லாபமும் அதே அளவு ஊதும். அடுத்த வருஷம் அந்த இருப்புதான் தொடக்க இருப்பு. இந்தத் தடவை சரியா எண்ணினா, செலவு கூடி லாபம் 25.5 லட்சம் குறையும். ரெண்டு வருஷத்துல கணக்கு நேராயிடும். ஆனா நடுவுல அந்த லாபத்தை நம்பி டிவிடெண்ட் கொடுத்திருந்தா, போன பணம் திரும்பாது.

தேய்மானம் வேற கதை. கம்பெனிகள் சட்டம் 2013, அட்டவணை 2-ன்படி பொதுவான இயந்திரத்துக்கு ஆயுள் 15 வருஷம். அது ஒரு ஷிஃப்ட்டுக்கு. ரெண்டு ஷிஃப்ட் ஓடினா தேய்மானம் 50 சதவீதம் கூடும், மூணு ஷிஃப்ட்னா 100 சதவீதம். 3 கோடி ரூபாய் மெஷின், மூணு ஷிஃப்ட்: வருஷம் 40 லட்சம் எழுதணும். 20 லட்சமே எழுதினா, அஞ்சு வருஷத்துல தக்கவைத்த லாபம் 1 கோடி பொய்யா நிக்கும். இது ரெண்டு வருஷத்துல தானா திரும்பாது. மெஷின் ஓய்ஞ்சு நிக்கிற அன்னிக்கு, மாத்தப் பணம் இல்லைன்னு தெரியும். ஷிஃப்ட்டுக்கு வர்றவங்களுக்கு வேலையும் நிக்கும்.

அமெரிக்காவுல வேஸ்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி குப்பை லாரிகளோட ஆயுளைக் கூட்டிக் காட்டித் தேய்மானத்தைக் குறைச்சது. இது மாதிரி பல வித்தைகளால ஊதின 170 கோடி டாலர் லாபத்தை 1998-ல் திருத்த வேண்டி வந்தது.

கண்டுபிடிச்சா? இந்த்-ஏஎஸ் 8 பின்பற்றுற கம்பெனி, பழைய வருஷ எண்களையும் தக்கவைத்த லாபத்தோட தொடக்க இருப்பையும் திருத்தும். ஏஎஸ் 5-ல் இருக்கிற சின்ன மில், நடப்பு வருஷ லாப நட்டக் கணக்குல 'முந்தைய காலம்'னு தனியா காட்டும். ஆண்டறிக்கையில அந்த வரியையும், எத்தனை ஷிஃப்ட்டுக்குத் தேய்மானம் போட்டாங்கன்னும் பாருங்க.