தேன்சிட்டும் வீட்டு வளவும்

தேனுண்ணும் சிறுபறவை எனின், ஆங்கில நூல் பயின்றோர் ரீங்காரச்சிட்டினையே நினைப்பர். அஃது அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. ஈழத்தில் அதன் தொழிலைப் புரிவது வேறு குலத்ததாகிய தேன்சிட்டாகும். முன்னது அந்தரத்தில் நின்று தேனுறிஞ்சும். பின்னது பெரும்பாலும் அமர்ந்தே உண்ணும். ஆதலின் பூவருகே கால்பற்றச் சிறு கொப்பேனும் வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள அமிர்தகழி போன்ற ஊர்களின் வளவுகளிலே செவ்வரத்தை, வாழை, மாதுளை, முள்முருக்கு ஆகியன நின்றால் இப்பறவை அழையாமலே வரும். மாமரத்துக் குருவிச்சைப் பூவையும் அது நாடும். எனினும் மரத்தை உறிஞ்சும் அவ்வொட்டுண்ணியைப் பறவைக்காக வளர்த்தல் தகாது. தேன்சிட்டுக்களுள் நீண்டு வளைந்த அலகுடைய ஒன்று, 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த லோட்டன் பெயரால் வழங்குகின்றது. அவர் இந்நாட்டுப் பறவைகளை ஓவியமாக வரைவித்தவர்.

மலர் மட்டும் போதுமா எனின், போதாது. வளர்ந்த பறவைக்குத் தேன் உதவும். குஞ்சு வளர்வதற்கோ புரதம் வேண்டும். ஆதலால் பெற்ற பறவைகள் சிலந்தியையும் சிறு பூச்சிகளையும் கொணர்ந்து ஊட்டுகின்றன. கொப்பு நுனியில் தொங்கும் கூடும் சிலந்தி நூலாற் பிணைக்கப்பட்டதே. செடிதோறும் வலையைக் களைந்து பூச்சிகொல்லி தெளிக்கும் வளவிலே, பூ நிறைந்திருப்பினும் குஞ்சு பசித்திருக்கும். துப்புரவு வீட்டினுள் இருக்கட்டும். வேலியோரத்தைச் சிலந்திக்கு விடுக.

சீனிநீர்க் கிண்ணம் வைப்போரும் உளர். நமது வெயிலில் அது விரைவிற் புளித்துவிடும். மாரி தொடங்குங்காற் செவ்வரத்தைத் தடியொன்றை ஊன்றினால், அது தானே வேர்விட்டுத் தழைக்கும்.