அம்மா விரட்டிய பருந்து

புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, மார்ச் மாத வெயிலில் பருந்துக் கூட்டம் வட்டமிட்டால் அம்மா சத்தம் போடுவார்: "டேய், கோழிக்குஞ்சைக் கூடையால மூடுடா!" நானும் தகரத்தைத் தட்டி விரட்டுவேன்.

கடந்த மார்ச்சில் அம்மாவையும் பிள்ளைகளையும் போர்ட்டிக்சனுக்குத் தெற்கே, தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துப் போனேன். பதினொரு மணிக்கு மேல் கடற்பக்கம் சில புள்ளிகள் தெரிந்தன. நெருங்கியபோது, தேன் பருந்துகள்!

வடக்கின் குளிருக்குத் தப்பி இந்தோனேசியா சென்றவை, குஞ்சு பொரிக்க ஜப்பான், சைபீரியா பக்கம் திரும்புகின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து இங்கே சுமார் 38 கிலோமீட்டர். கடல்மேல் வெப்பக் காற்று அவ்வளவாக மேலெழாது. சிறகடித்தே கடக்க வேண்டும். களைத்துத் தாழப் பறந்து வந்தவை, கரையின் வெப்பக் காற்று கிடைத்ததும் சிறகசைக்காமல் சுழன்று மேலேறின. சில, முனையிலுள்ள காட்டு மரங்களில் இறங்கின. அந்தச் சிறு காடும் போய்விட்டால் அவை எங்கே இறங்கும்?

பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை இக்காட்சியைக் காணலாம். தொப்பி, தண்ணீர், தொலைநோக்கி போதும்.

"இதுவாடா குஞ்சைத் தூக்கும்?" என்றார் அம்மா.

"இல்லம்மா, இதுக்குக் குளவிக் கூட்டுல இருக்கிற புழுதான் சாப்பாடு."

அம்மா சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். "கடல் தாண்டி வந்ததையா தகரம் தட்டி வெரட்டினோம்?"