மேகத்துக்குள் வழிவிடுவது எப்படி?

1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, சவூதி அரேபியாவின் போயிங் 747 விமானமும் கஜகஸ்தானின் இல்யூஷின்-76 விமானமும் வானில் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் இன்றுவரை இதைவிடக் கொடியது இல்லை. போயிங் அப்போதுதான் டெல்லியிலிருந்து கிளம்பி ஏறிக்கொண்டிருந்தது. 14,000 அடியில் நிற்கும்படி அதற்கு உத்தரவு. இல்யூஷின் டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது; 15,000 அடிக்குக் கீழே போகக் கூடாதென்று அதற்கு உத்தரவு. டெல்லியைச் சுற்றியுள்ள வானத்தின் பெரும்பகுதி விமானப்படையின் வசம் இருந்ததால், பயணிகள் விமானங்கள் வரவும் போகவும் ஒரே பாதைதான் இருந்தது. ஆகவே இரண்டும் நேருக்கு நேர் வந்தன. உத்தரவின்படி பறந்திருந்தால் ஒன்றுக்கு ஆயிரம் அடி மேலே மற்றது கடந்து போயிருக்கும். இருட்டும் மேகமும் சேர்ந்து ஒன்றை மற்றொன்றின் கண்ணிலிருந்து மறைத்தது உண்மை. ஆனால் அந்த 349 உயிர்களைக் கொன்றது மேகம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், நாம் கற்க வேண்டியதைக் கற்காமல் விட்டுவிடுவோம். ஒரு விமானம் உண்மையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் அங்கே நடந்த கேடு.

மேகம் இல்லாதிருந்தால் விமானிகள் பார்த்து ஒதுங்கியிருப்பார்களே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக வரும் இரண்டு ஜெட் விமானங்கள் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 440 மீட்டர் நெருங்குகின்றன. எதிரே ஏதோ வருகிறது என்று கண்டு, அது மோதும் என்று புரிந்து, கைப்பிடியைத் திருப்பி, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு 12.5 வினாடி பிடிக்கும் என்பது அமெரிக்க விமானத்துறை விமானிகளுக்குச் சொல்லும் கணக்கு. அதற்குள் ஐந்தரை கிலோமீட்டர் இடைவெளி கரைந்துவிடும். அந்தத் தொலைவில் நேரே வரும் விமானம் ஒரு சிறு புள்ளிதான். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு: நேராக மோத வரும் விமானம் கண்ணாடியில் இடமோ வலமோ நகராது, ஒரே இடத்தில் நின்றபடி கடைசி நேரத்தில் திடீரெனப் பெரிதாகும். நம் கண்ணோ அசையும் பொருளைத்தான் எளிதில் கண்டுபிடிக்கும். 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்கு மேலே 21,000 அடியில், திரள் மேகங்களுக்கு இடையே, பகல் வெளிச்சத்தில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். மேகத்துக்கு மேலே ஆயிரம் அடியில் பறந்துகொள்ள ஒன்றுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. மற்ற விமானத்தைப் பார்த்து விலகுவது விமானிகளின் பொறுப்பு என்பதே அன்றைய விதி. அந்த விதியின் போதாமையை அந்த மோதல் அம்பலப்படுத்தியது. அதன் விளைவாகவே 1958இல் அமெரிக்கா வான்போக்குவரத்துக்கென்று தனிச் சட்டமும் தனி அமைப்பும் உண்டாக்கியது. கண்ணை நம்பிப் பறக்கும் சிறு விமானங்கள் மேகத்திலிருந்து கிடையாக ஒன்றரை கிலோமீட்டரும் மேலும் கீழும் ஆயிரம் அடியும் விலகியிருக்க வேண்டும் என்று இப்போது பொதுவாக வைத்திருக்கும் விதியும், மேகத்துக்குள்ளிருந்து சட்டென்று வெளிப்படும் விமானத்தைக் காணச் சில வினாடிகளாவது கிடைக்கட்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே மேகத்துக்குள் விமானங்களைப் பிரித்துவைப்பது உயரம். உயரமானி காற்றழுத்தத்தை அளந்தே உயரத்தைச் சொல்கிறது; அழுத்தமோ ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறும். இதற்கு விமானத்துறை கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் எல்லா விமானிகளும் தங்கள் உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அழுத்தத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். அது காட்டும் எண் தரையிலிருந்து உண்மையான உயரமாக இராது. ஆனால் அருகருகே பறக்கும் எல்லோரும் ஒரே அளவு தவறுவதால், அவர்களுக்கிடையே இருக்கும் இடைவெளி நம்பத்தக்கதாகிறது. கிழக்கே போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்களும் மேற்கே போகிறவர்களுக்கு இரட்டைப்படை ஆயிரங்களும் ஒதுக்கப்படுகின்றன. முன்பு 29,000 அடிக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டியிருந்தது. கருவிகளின் துல்லியம் கூடியதால் அது 41,000 அடிவரை ஆயிரமாகக் குறைக்கப்பட்டது. இந்தியா 2003இல் இந்த முறைக்கு மாறியது.

சர்க்கி தாத்ரியில் இந்த ஏற்பாட்டின் எந்தக் கண்ணி அறுந்தது? டெல்லியில் அப்போது பயன்பாட்டில் இருந்தது முதல்நிலை ரேடார். அனுப்பிய அலை விமானத்தின் மேல்பட்டுத் திரும்புவதை வைத்து அது தொலைவையும் திசையையும் காட்டும்; உயரத்தைக் காட்டாது. கட்டுப்பாட்டாளருக்கு உயரம் தெரிய ஒரே வழி, விமானத்திலிருந்து வானொலியில் ஒருவர் சொல்வதுதான். இல்யூஷினில் அதைச் சொல்ல வேண்டிய வானொலி இயக்குநருக்கு முன்னால் தனி உயரமானிகூட இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 15,000 அடியை எட்டிவிட்டதாகத் தகவல் வந்த பின்னும் அந்த விமானம் இறங்கிக்கொண்டேயிருந்தது. திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்குவதைக் கட்டுப்பாட்டாளர் பார்த்தார். எதிரே போயிங் வருவதையும் எச்சரித்தார். ஆயினும் அவற்றுக்கிடையே ஆயிரம் அடி இருக்கிறது என்றே அவர் நம்ப வேண்டியிருந்தது. இந்தியா பின்னர் செய்த திருத்தங்கள் இந்த ஓட்டையைத்தான் அடைத்தன. இரண்டாம்நிலை ரேடார் கேள்வி அனுப்பும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் தன் அடையாளத்தையும் உயரத்தையும் மனித வாயின் உதவியின்றிப் பதிலாக அனுப்பும். வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாக்கப்பட்டது.

டிகாஸ் என்று அழைக்கப்படும் அந்தக் கருவி தரையின் உதவியை எதிர்பார்ப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள டிரான்ஸ்பாண்டர்களிடம் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் பெறுகிறது. எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைவிட, எத்தனை வினாடியில் நெருங்கிவிடும் என்பதே அதன் அளவுகோல். தொலைவை நெருங்கும் வேகத்தால் வகுக்கும் இந்த யோசனை 1950களில் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் ஜான் மோரல் தந்தது. முதலில் எச்சரிக்கை ஒலிக்கும். ஆபத்து முற்றினால் ‘ஏறு’ அல்லது ‘இறங்கு’ என்று கட்டளை வரும். எதிர் விமானத்திலும் அதே கருவி இருந்தால் இரண்டும் பேசிக்கொண்டு, ஒன்று ஏற மற்றது இறங்கும்படி முடிவு செய்யும். இடம், வலம் என்று அது சொல்வதில்லை. அதன் ஆண்டெனா திசையை அந்த அளவு துல்லியமாக அறியாது.

முழு வானத்தையும் பார்க்கிற மனிதர் தரையில் இருக்கும்போது, தன்னைச் சுற்றியுள்ள விமானங்களை மட்டும் அறிந்த இயந்திரத்துக்கு ஏன் அடிபணிய வேண்டும் என்பது நியாயமான கேள்வி. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே அதற்குக் கொடிய விடை கிடைத்தது. ரஷ்ய டுபொலேவ் விமானத்தை ஏறச் சொன்னது கருவி. இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். விமானிகள் மனிதர் சொன்னபடி இறங்கினார்கள். குறுக்கே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. இறந்த 71 பேரில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு திரைகளைத் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளருக்கு, கருவிகள் என்ன சொல்லியிருந்தன என்பது தெரியாது. ரேடார் ஒரு சுற்றுச் சுற்றிவரச் சில வினாடிகள் ஆகும். கருவியோ ஏறத்தாழ ஒவ்வொரு வினாடியும் அளக்கிறது. மோதலுக்கு அரை நிமிடமே இருக்கையில் இந்த வேறுபாடே உயிரைத் தீர்மானிக்கும். கருவியின் கட்டளை வந்தபின் அதுவே இறுதி என்று உலக விதிகள் அதன்பின் தெளிவாக்கப்பட்டன. ஒருவர் மாறாகப் போனால் மற்றவரின் கட்டளையை உடனே திருப்பும் வகையில் கருவியின் மென்பொருளும் திருத்தப்பட்டது.

குறைகள் மிஞ்சுகின்றன. ஒன்று: பதில் சொல்லாத விமானத்தை இந்தக் கருவியால் காண முடியாது. 2006இல் பிரேசிலில் ஒரு சிறு ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் செயலற்றுக் கிடந்ததால், 37,000 அடியில் இரு விமானங்களின் கருவிகளும் மௌனம் காத்தன. 154 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில், மேகம் மறைக்காத வானில், தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் மாண்டனர். இன்னொரு குறை இதில் தெரிந்தது: தரையை ஒட்டிப் பறக்கையில் கருவி ஏறு, இறங்கு என்று கட்டளையிடாது. ஹெலிகாப்டரோ தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் நவீன சாதனத்தை இயக்கியிருக்கவில்லை. எதிர் விமானம் தெரிகிறது, பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று ஹெலிகாப்டர் சொன்னதை ஏற்று அனுமதி தரப்பட்டிருந்தது. 1956இல் தோற்ற அதே முறை 69 ஆண்டுகளுக்குப் பிறகும் அனுமதிக்கப்பட்டது என்பதை ஏற்க முடியவில்லை. சிறு விமானங்களுக்குச் செலவாகும், ராணுவத்துக்கு ரகசியம் வேண்டும் என்ற வாதங்களுக்குத் தனி வான்வெளியில் இடமிருக்கலாம். பயணிகள் விமானங்கள் ஏறி இறங்கும் வானத்துக்குள், தன் உயரத்தையும் இடத்தையும் அறிவிக்காத எந்த ஊர்தியையும் அனுமதிக்கவே கூடாது.