முதுமை மறதி என்று முடிவு கட்டும் முன்

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர். போன வாரம் வரை நாளிதழ் படித்தார், பென்ஷன் கணக்குப் பார்த்தார். இப்போது கிழமை தெரியவில்லை. நடுஇரவில் எழுந்து உட்கார்ந்து, அறையில் இல்லாத ஒருவரோடு பேசுகிறார். "வயசாயிடுச்சு, இனிமே இப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது பல நேரம் பெரிய தவறாக முடிகிறது.

முதுமை மறதி பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. இரண்டு மூன்று நாளில் வந்த குழப்பத்துக்கு உடனடியான காரணம் ஒன்று இருக்கும். சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை தாழ்ந்துபோவது, பக்கவாதம் என்று மருத்துவர்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் வீட்டாருக்குத் தோன்றாத ஒன்றும் உண்டு: சளிக்கோ தூக்கத்துக்கோ அண்மையில் தொடங்கிய மாத்திரை. அது எப்படி ஒருவரின் புத்தியைக் கலக்குகிறது என்று புரிய, அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதுவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவளை இதயம் காட்டிய வழி

நரம்புகள் மின்சாரத்தால் மட்டுமே பேசிக்கொள்கின்றனவா, வேதிப்பொருளாலும் பேசுகின்றனவா என்பது நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிய விவாதம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை மற்ற இதயத்துக்கு மாற்றினார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவாகத் துடித்தது. திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின் என்று பிறகு உறுதியானது. லோவியும் பிரிட்டனின் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதயத்தை மெதுவாக்குவது, குடலை அசைப்பது, எச்சில் சுரக்கச் செய்வது, சிறுநீர்ப்பையைச் சுருக்குவது எல்லாம் அசிட்டைல்கோலினின் வேலை. மூளையில் இதற்கு வேறு பொறுப்பு.

புறணியில் நடப்பது

மூளையின் மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பகுதிதான் புறணி. பார்ப்பது, கேட்பது, திட்டமிடுவது, பேச்சைப் புரிந்துகொள்வது எல்லாம் அங்கே நடக்கின்றன. முன்மூளையின் அடிப்பகுதியில் மைனெர்ட் கரு என்ற சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. அளவில் சிறியதுதான், ஆனால் அதன் இழைகள் புறணி முழுவதும் பரவி, அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன.

சுரந்ததும் அது நரம்பணுக்களின் மேல் உள்ள இரண்டு வகை ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. நிகோட்டினிக் ஏற்பிகள் வழியாக, கண்ணும் காதும் அனுப்பும் புதிய செய்திகள் புறணியை வந்தடைவது வலுப்பெறுகிறது. மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாக, புறணி அணுக்கள் தங்களுக்குள் ஓயாமல் பரிமாறிக்கொள்ளும் பழைய செய்திகள் தணிகின்றன. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சல் அடங்கி, நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் மட்டும் தெளிவாகக் கேட்பதைப் போன்ற நிலை அது. கவனம் என்று நாம் சொல்வதன் அடித்தளங்களில் இது முக்கியமானது. மூளை மின்அலைப் பதிவிலும் இதைக் காணலாம்: உறக்கத்தின் பெரிய, மெதுவான அலைகள் மறைந்து, விழிப்புக்குரிய சிறிய, விரைவான அலைகள் தோன்றும்.

இன்னும் வியப்பானது, இந்தத் தூதுவர் புறணியின் அமைப்பையே மாற்ற உதவுகிறது என்பது. கில்கார்ட், மெர்சனிக் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட ஒலியைக் கேட்கவைக்கும்போதே மைனெர்ட் கருவைத் தூண்டினார்கள். சில வாரங்களில் அந்த ஒலிக்குப் பதில் தரும் புறணிப் பகுதி விரிந்திருந்தது. 'இதைக் கற்றுக்கொள்' என்று புறணிக்குச் சொல்லும் குறிப்பாக அசிட்டைல்கோலின் செயல்படுகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

எந்நேரமும் அது மிகுந்திருப்பதும் நல்லதல்ல. விழித்திருக்கும்போதும் கனவு காணும்போதும் அதன் அளவு அதிகம். ஆழ்ந்த உறக்கத்தில் நன்றாகக் குறையும். பகலில் கற்றது நிலைபெற இந்தக் குறைவும் தேவைப்படுகிறது.

ஊமத்தை சொல்லும் பாடம்

நம் ஊர்த் தரிசு நிலங்களில் தானாக முளைக்கும் ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நச்சுகள் இருக்கின்றன. இரண்டும் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைத்துவிடுபவை. ஊமத்தை விதையைத் தின்றவருக்கு வாய் வறளும், கண்மணி விரியும், தோல் சுடும், சிறுநீர் அடைக்கும். பிறகு இல்லாத ஆளோடு பேசுவார், துணியைப் பிய்ப்பார். அசிட்டைல்கோலின் எட்டாத புறணி, வெளியிலிருந்து வருவதையும் உள்ளே எழுவதையும் பிரித்தறியத் திணறுகிறது.

டிராக்மன், லெவிட் என்ற ஆய்வாளர்கள் 1974இல் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஸ்கோபோலமின் கொடுத்து நினைவாற்றலைச் சோதித்தார்கள். அவர்களிடம் தென்பட்ட தடுமாற்றம் வயதானவர்களுடையதை ஒத்திருந்தது.

அல்சைமர் நோயில்

முதுமை மறதியின் ஒரு வகைதான் அல்சைமர் நோய். 1976இல் டேவிஸ், மலோனி என்ற ஆய்வாளர்கள் அந்த நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலினை உருவாக்கும் நொதி மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மைனெர்ட் கருவின் அணுக்களே பெருமளவில் அழிந்திருப்பதை 1982இல் வைட்ஹவுஸ் குழுவினர் காட்டினார்கள். அசிட்டைல்கோலின் சிதைவதைத் தாமதப்படுத்தும் டொனெபெசில் போன்ற மருந்துகள் இந்த அறிவிலிருந்து பிறந்தவை. அவை நோயை நிறுத்துவதில்லை. சிலருக்கு, சில காலம், ஓரளவு தெளிவைத் தருகின்றன. கோலின் சத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் போதுமே என்றும் முயன்று பார்த்தார்கள். பலன் இல்லை. நினைவாற்றல் டானிக் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மாத்திரைப் பையில் இருப்பவை

ஊமத்தையின் அதே செயல், குறைந்த அளவில், நாம் சாதாரணமாக வாங்கும் பல மருந்துகளிலும் உண்டு. சளி மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கப்படும் குளோர்பெனிரமின், சில இருமல் மருந்துகளில் உள்ள டைபென்ஹைட்ரமின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின், வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் தரும் புரோமெத்தசின், வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கான ஆக்சிபியூடினின், கைநடுக்கத்துக்கான டிரைஹெக்சிபெனிடில். இவற்றில் பலவும் சிலருக்கு அவசியமானவை. இளைஞர் ஒருவர் இரண்டு நாள் சளி மாத்திரை எடுத்தால் தூக்கம் வருவதோடு போய்விடும். முதியவருக்கு மூளையில் அசிட்டைல்கோலின் கையிருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கிறது. மருந்தை வெளியேற்றும் சிறுநீரகமும் கல்லீரலும் மெதுவாகிவிட்டன. தவிர, வெவ்வேறு மருத்துவர்கள் தந்த இரண்டு மூன்று மருந்துகள் ஒரே பையில் சேரும்போது பாதிப்பும் கூடுகிறது.

அமெரிக்காவின் சியாட்டிலில் 65 வயது கடந்த 3,434 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. இத்தகைய மருந்துகளை நீண்ட காலம், அதிக அளவில் எடுத்தவர்களிடம் முதுமை மறதி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் தேவையின்றி வருடக்கணக்கில் தொடர்வதைக் கேள்வி கேட்க இதுவே போதும்.

என்னை மிகவும் வருத்துவது இன்னொரு நிலை. மறதிக்காக டொனெபெசில் தொடங்குகிறார்கள். அது அசிட்டைல்கோலினைக் கூட்டுவதால் சிலருக்குச் சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போகிறது. அது பக்கவிளைவு என்று யாருக்கும் தோன்றாமல், அதற்கு ஆக்சிபியூடினின் எழுதப்படுகிறது. ஒன்று கூட்டுகிறது, மற்றது அடைக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இப்படி நடப்பதை 2005இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நோயாளிக்கு இரண்டு மருந்தின் செலவும் தொல்லையும் மிஞ்சுகின்றன.

வீட்டில் செய்யக்கூடியது

குழப்பத்தோடு வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் இறங்காமை, பார்வை மங்கல் ஆகியவையும் சேர்ந்து வந்தால் மருந்தின் மீது சந்தேகம் வலுவாக வேண்டும். முகம் கோணுதல், ஒரு பக்கம் பலவீனம், காய்ச்சல், சுயநினைவு மங்குதல் இருந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவை, பக்கத்து வீட்டார் கொடுத்தவை, சித்த மருந்து, லேகியம் எல்லாம் அதில் இருக்கட்டும். "இவற்றில் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து எது? அது இன்னும் தேவைதானா? மாற்று உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வாமைக்கு, மூளைக்குள் அதிகம் புகாத பெக்சோபெனடின், லொராட்டடின் போன்றவை இருக்கின்றன.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அமிட்ரிப்டிலினையோ டிரைஹெக்சிபெனிடிலையோ சட்டென்று விட்டால் வேறு தொல்லைகள் வரும்; அளவைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவரால்தான் முடியும். ஒவ்வொரு மாத்திரையும் எந்தத் தேதியில் தொடங்கியது, குழப்பம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள்.