உங்களுக்குத் தெரியுமா? தோவாளையில் இருந்தே சிறுசேரி வகுப்பு

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. கணினி அறிவியல் படிப்பவர், தோவாளையில் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் அல்காரிதம் பாடத்தைக் கேட்கலாம். காசு வேண்டாம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் இணையவழிக் கல்வித் திட்டம் தந்த வசதி இது.

சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். அதற்குத் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். மதிப்பெண்ணில் 25 விழுக்காடு வாராந்தர அசைன்மென்டுக்கு, 75 விழுக்காடு தேர்வுக்கு. அசைன்மென்டைச் சும்மா விட்டுவிட்டுத் தேர்வை நம்பி இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்!

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் ஸ்வயம் தளம் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதி இடம் தருகிறது. ஆனால் பல்கலைக்கழகம் அதை ஏற்க வேண்டும்; துறைத் தலைவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முழுப் பட்டமே ஆன்லைனில் வேண்டுமா? இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. உண்டு. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் தெளிவுபடுத்தியது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை 2014-இலேயே ஆன்லைனில் தொடங்கிவிட்டது.